தம்பி விமானப் பயிற்சியிலிருந்து விலக நினைக்கிறான்: இருக்கச் சொல்வதா, வரச் சொல்வதா?

கேத்திச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையிலுள்ள சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. என் தம்பி கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்துவிட்டு, இப்போது ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாதெமியில் முதற்கட்டப் பறத்தல் பயிற்சியில் இருக்கிறான். பயிற்சி விமானம் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2. சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, வீட்டில் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடட்டுமா?" என்று கேட்டான்.

அவனுடன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாத முதல் தனிப் பறத்தலை, முடித்துவிட்டார்கள். இவனுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. தரையிறங்குவது சரியாக வரவில்லை என்று கூடுதல் பறப்புகள் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட என்னைக் கலங்கவைத்தது இன்னொன்று. விமானம் ஏறியதிலிருந்தே அவனுக்கு வாந்தி வருகிறதாம். பயிற்றுநரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றான். மருத்துவரிடம்? அங்கும் சொல்லவில்லை.

கடக்வாஸ்லாவில் சூப்பர் டைமோனா என்ற சிறிய விமானத்தில் ஏற்றிப் பழக்கினார்களே, அந்த நாட்களில் அவன் பேசிய பேச்சே வேறு. போன விடுமுறையில் வந்திருந்தபோது சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, அம்மாவின் சப்பாத்திக் குழவியை முழங்கால்களுக்கு நடுவே, விமானத்தைச் செலுத்தும் ஸ்டிக் போலப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகக் காற்றில் தொட்டு, ஏதோ மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டிருப்பான். மாவு காய்கிறது, குழவியைக் கொடு என்று அம்மா கேட்டாலும், "இன்னும் ஒரு சர்க்யூட் அம்மா" என்பான். விமானத்தளத்தைச் சுற்றி வந்து இறங்கும் ஒரு சுற்றைத்தான் அப்படிச் சொல்வான். அப்படிப் பயின்றவனுக்கு ஆர்வம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. அதே சமயம் அவன் குரலை நான் கேட்டேன். அதையும் என்னால் ஒதுக்க முடியவில்லை.

அப்பா தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், "நம் வீட்டில் யாரும் பாதியில் திரும்பியதில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவனிடம் பேசவில்லை. அவன் தேர்வானபோது தெரு முக்கில் கட்டிய பாராட்டுப் பதாகையின் இரும்புச் சட்டம் இன்றும் அங்கேயே நிற்கிறது. அடுத்த ஞாயிறு மறுபடி அழைப்பான். நான் என்ன சொல்ல வேண்டும்? இந்த வழியில் போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பேரக்ஸ்வீதி

சகோதரி, நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வெலிங்டன் மையத்தில் ரெக்ரூட்டாக இருந்த காலத்தில் இரவில் போர்வைக்குள் அழாத நாள் குறைவு. ஆறு வாரம் கழித்து அந்த அழுகை எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் தம்பி இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

அந்த இடம் எளிதில் கிடைப்பதில்லை என்பதை உங்கள் தம்பிக்கு நினைவூட்டுங்கள். எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்காணல், அதோடு விமானிக்கான கணினித் திறன் தேர்வு. அந்தத் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் பறக்கும் பிரிவின் கதவு அதோடு மூடியது. மருத்துவப் பரிசோதனையில் உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், காலின் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று உடம்பையே அளந்து தேர்ந்தெடுக்கிறார்கள். என் அக்கா மகன் கால் நீளத்தில் தவறித் திரும்பி வந்தவன். அவன் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிடைத்தவன் கைவிடலாமா? நாட்டின் பணமும் அதில் இருக்கிறது. அப்பாவின் வருத்தத்தில் நியாயம் உண்டு.

ஓடுபாதை

நான் விமானப்படையில் பறத்தல் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்று, குன்னூரில் குடியிருக்கிறேன். பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பட்டு 1954 முதல் நம் தாம்பரத்தில் இயங்குகிறது. நானும் அங்கே பயின்றவன். பேரக்ஸ்வீதி ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் தரையில் அழுதுகொண்டே ஓடுகிறவனுக்கும் வானத்தில் மறைத்துக்கொண்டே பறக்கிறவனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதை அவர் அனுமதியோடு சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தரையிறக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் தேறாமல் போவோரில் பலர் நின்றுவிடும் இடம் அது. கடைசிச் சில அடி உயரத்தில் விமானத்தின் இறக்கத்தைத் தடுத்து, மூக்கை மெல்லத் தூக்கி, சக்கரம் தானாகத் தரையைத் தேடிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். புதியவனுடைய கண் தனக்கு நேர் முன்னால் விரைந்து வரும் தாரிலேயே ஒட்டிக்கொள்ளும். தரை பாய்ந்து வருவதாகத் தோன்றும். ஸ்டிக்கை வெடுக்கென்று இழுப்பான். விமானம் உயரத்திலேயே மிதந்து, வேகம் இழந்து, பொத்தென்று விழும். அடுத்த முறை அந்தப் பயத்தில் தாமதமாக இழுப்பான், முட்டித் துள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சரியான நேரத்தில் பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்குக் கொண்டுபோவது. இது சொல்லிப் புரிவதில்லை. ஒருவனுக்கு எட்டாவது முறையில் வரும், இன்னொருவனுக்கு முப்பதாவது முறையில் ஒரு காலையில் திடீரென்று வந்துவிடும். அந்தக் காலைக்காகக் காத்திருக்க எவ்வளவு பறப்பு கொடுக்கலாம் என்பதற்குப் பாடத்திட்டத்தில் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை நெருங்கும்போது வேறொரு பயிற்றுநர் சோதிப்பார், பிறகு அவருக்கும் மேலானவர் சோதிப்பார். ஒரே ஒருவருடைய மனக்கசப்பால் யாரும் நிறுத்தப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

பிலாட்டஸில் மாணவன் முன்னால், பயிற்றுநர் பின்னால். எனவே எனக்குத் தெரிவதெல்லாம் அவன் தலைக்கவசத்தின் பின்புறமும் தோள்களும்தான். நன்றாக இருக்கும் மாணவனின் தலை ஓயாமல் அசையும்: வெளியே, உள்ளே, வேகம், உயரம், மறுபடி வெளியே. தலை அசைவு நின்று, தோள்கள் காதுப் பக்கம் ஏறிவிட்டால், அவன் மனம் எங்கோ ஒரு முள்ளில் மாட்டிக்கொண்டது என்று பொருள். நான் அப்போது "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி ஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் அவனை வெறுமனே வெளியே பார்க்கச் சொல்வேன். ஆனால் அந்த முள் என்ன என்பதைப் பின்னிருக்கையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மாணவன்தான் சொல்ல வேண்டும். குமட்டலை அடக்கிக்கொண்டு தரையிறங்குகிறவன் பாதி மூளையால்தான் தரையிறங்குகிறான். அவனுடைய பயிற்றுநரோ அவனுக்குக் கண் மதிப்பீடு வரவில்லை என்று எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் தம்பியின் விஷயத்தில் இதுவே நடக்கிறதோ என்று ஐயப்படுகிறேன், சகோதரி.

நம் மலையில் வசிப்பவர்களுக்கு இதை வேறொரு விதமாகச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது நம் எல்லாருக்கும் தெரியும். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, அதனால் விமானிக்குத் திசையும் நிலையும் பற்றிய உணர்வு குழம்பியது என்று முப்படை விசாரணைக் குழு கண்டது. இயந்திரக் கோளாறோ கவனக்குறைவோ காரணம் அல்ல என்றும் அது கூறியது. தேர்ந்த விமானிகளின் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பே ஏமாறக்கூடிய தொழில் இது. அதில் காலெடுத்து வைக்கும் இளைஞன் முதலில் கற்க வேண்டியது, என் உடம்பு இப்போது இப்படி இருக்கிறது என்று கூச்சமில்லாமல் சொல்வதை. விலகுகிறவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. மறைக்கிறவனால் அவனுக்கும் பின்னிருக்கையில் இருப்பவருக்கும் ஆபத்து.

முன்னாள்கேடட்

பல ஆண்டுகளாக எங்கும் எழுதாததை இங்கே எழுதுகிறேன். நான் கோத்தகிரிப் பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது கணித ஆசிரியர். ஒரு காலத்தில் பயிற்சி விமானி. நானே எழுதிக் கொடுத்து விலகியவன்.

எனக்கும் வாந்திதான் தொடக்கம். அங்கியின் இடது கால் பையில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்திருப்பேன். இறங்கியதும் யாரும் பார்க்காமல் கழிப்பறைக்குப் போய்விடுவேன். பறப்பு முடிந்தபின் பயிற்றுநர் எதிரில் உட்கார்ந்து நடந்ததை விளக்குவார் அல்லவா, அப்போது நாற்றம் அவரை எட்டிவிடக் கூடாதே என்று நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வேன். அவர் ஒருநாள், "உனக்கு என்னிடம் பயமா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அன்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர் அவர்.

ஒரு புதன்கிழமை மூன்று தரையிறக்கமும் மோசமாகப் போயின. அன்றிரவே உட்கார்ந்து கடிதம் எழுதி, விடிவதற்குள் கையெழுத்துப் போட்டு, காலை அணிவகுப்புக்கு முன் கொடுத்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்பதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. யோசித்துப் பார் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

விலகியது தவறா என்றால், இல்லை. பறப்பதைவிட வானிலை வகுப்பும் திசைகாணும் கணக்கும்தான் எனக்கு மகிழ்ச்சி தந்தன. ஸ்டிக்கைத் தொடும் ஒவ்வொரு காலையும் எனக்குச் சுமையாகத்தான் இருந்தது. வானத்தின் மேல் ஆசை இருந்தது என் தந்தைக்கு. அவர் ஆசையைத் தூக்கிக்கொண்டு நான் போயிருந்தேன். ஆனால் அதை நான் கண்டுபிடித்தது விலகி நான்கு ஆண்டுகள் கழித்து, கரும்பலகை முன்னால் நின்றபோது. விலகிய இரவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவமானம் ஒன்றுதான். அவமானத்தில் எடுத்த முடிவு என்பதால், சரியான முடிவாக இருந்தும் அது பல ஆண்டுகள் ஆறவில்லை. கோவைக்குப் போகும்போது சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானத்தின் ஓசை கேட்டால் குனிந்து நடப்பேன். இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

உங்கள் தம்பியிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். வாந்தி இல்லை, சோலோவும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், நாளைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து விமானத்தை நோக்கி நடக்க அவனுக்கு விருப்பம் இருக்கிறதா? சப்பாத்திக் குழவியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அவனுடைய பதில் என் பதிலாக இருக்காது என்று தோன்றியது. நான் ஒருநாளும் விடுமுறையில் அப்படி உட்கார்ந்ததில்லை.

மலைமருத்துவர்

கோத்தகிரியில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில், வாந்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. பேருந்தில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்திருப்பார்கள். ஓட்டுநர் மட்டும் ஒருநாளும் வாந்தி எடுப்பதில்லை. அவர் வயிறு வேறு வயிறா? இல்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். கண் பார்ப்பதும், காது உணர்வதும், கை செய்வதும் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன. பயணிக்கு அது பொருந்தவில்லை. அந்த முரண்பாட்டைத்தான் மூளை குமட்டலாக வெளிப்படுத்துகிறது.

பயிற்சி விமானி தொடக்கத்தில் பயணிதான். விமானம் செய்யப்போவதை அவன் முன்கூட்டி உணரத் தொடங்கும்போது பெரும்பாலோருக்குக் குமட்டல் தானாகக் குறைகிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து செய்யும் அந்தப் பயிற்சியை அவன் விடக் கூடாது. வெறும் வயிற்றில் பறப்பது, தூக்கம் கெடுவது, இன்றும் வருமோ என்று அஞ்சிக்கொண்டே ஏறுவது ஆகிய மூன்றும் குமட்டலை வளர்க்கும். வாந்தியை நிறுத்துவதற்கென்று, தூக்கக் கலக்கம் தரும் மாத்திரைகளைத் தானாக வாங்கி விழுங்கவே கூடாது. அவை கவனத்தை மந்தமாக்கும், தனியாகப் பறப்பவனுக்கு அவை விஷத்துக்குச் சமம்.

சிலருக்குத் தானாகக் குறையாது. அவர்களுக்கும் வழி உண்டு. பெங்களூரில் 1957 முதல் இயங்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனத்தில், சுழலும் நாற்காலியில் சிறிது சிறிதாகப் பழக்கி, மூச்சையும் உடல் தளர்வையும் கற்றுக்கொடுத்து, மறுபடி பறக்க அனுப்பும் சிகிச்சை முறை இருக்கிறது. ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

பேரக்ஸ்வீதி

மருத்துவர் ஐயா எழுதியது எனக்குப் புதிய செய்தி. நன்றி. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரூப் கேப்டன் வருண் சிங் நம் வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் பயிற்றுவிக்கும் பொறுப்பில் இருந்தவர். அந்த ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து ஒரு வாரத்தில் இறந்தவர். 2020 அக்டோபர் 12 அன்று தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாடு பழுதானபோது, குதித்துத் தப்பிக்க வாய்ப்பிருந்தும் விமானத்தைப் பத்திரமாக இறக்கியதற்காகச் சௌரிய சக்கரம் என்ற வீர விருது பெற்றவர். அதற்குப் பிறகு தான் படித்த பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். பள்ளியில் சராசரி மாணவன், அகாதெமியிலும் சிறந்து விளங்கவில்லை என்று தன்னைப் பற்றியே எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர் விலகவில்லையே! அந்தக் கடிதத்தை உங்கள் தம்பிக்கு அனுப்புங்கள், சகோதரி.

முன்னாள்கேடட்

ஐயா, அந்தக் கடிதத்தை நானும் பலமுறை படித்திருக்கிறேன். அதன் ஒரு நகல் என் வகுப்பறையில் இருக்கிறது. சராசரியாக இருப்பது குற்றமில்லை என்று அவர் மாணவர்களுக்கு எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. உள்ளம் எதை விரும்புகிறதோ அதைக் கண்டுபிடியுங்கள், அதில் முழு முயற்சியையும் கொடுங்கள் என்றார். அது கலையாக இருக்கலாம், இசையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றார். விமானங்களின் மேல் தனக்கிருந்த பேரார்வமே சக மாணவர்களைவிடத் தன்னை ஒரு படி முன்னே வைத்தது என்பதை விமானப்படை அகாதெமிக்கு வந்த பிறகு உணர்ந்ததாகவும் எழுதியிருந்தார். பறப்பதை விரும்பிய ஒருவருக்கு அந்தக் கடிதம் இரு என்று சொல்லும். என்னைப் போன்ற ஒருவனுக்கு அதே கடிதம் போ என்று சொல்லும். இரண்டையும் அவர் உண்மையாகவே சொன்னார் என்று நம்புகிறேன்.

பேரக்ஸ்வீதி

நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை, தம்பி. அந்த நாளில் நஞ்சப்பசத்திரத்து மக்கள் வீட்டுக் கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

கேத்திச்சாரல்

எல்லாருடைய பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா அடுத்த அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பக்கம் திருப்பும் சத்தமே கேட்கவில்லை. ஓடுபாதை ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. சேர்ந்தபோது அப்பா ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி விலகினால் பணம் கட்ட வேண்டி வரும் என்கிறார்கள். வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுப் பேசாத கவலை இது.

ஓடுபாதை

கேட்டது நல்லது, ஏனென்றால் எந்த வாசல் வழியாக வெளியே வருகிறான் என்பதைப் பொறுத்துப் பின்விளைவுகள் மாறும். ஒரு கேடட் தன் விருப்பத்தால், அவன் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் காரணத்தால் விலகினால், அரசு அவனுக்காகச் செய்த செலவையும் அவன் பெற்ற தொகையையும் வட்டியோடு திருப்பிக் கேட்க அந்தப் பத்திரம் இடம் தருகிறது. கேடட்டும் பிணை நின்றவர்களும் சேர்ந்தே பொறுப்பு. பறத்தல் கைவரவில்லை என்று மேலதிகாரிகள் பயிற்சியை நிறுத்துவது வேறு. உடல்நலக் காரணம் இன்னும் வேறு. பயிற்சியில் உடல் ஊனமுற்று வெளியேற்றப்பட்ட கேடட்களின் நிலையை உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்ததிலிருந்து, இந்த வேறுபாடுகள் எத்தனை குடும்பங்களைப் பாதிக்கின்றன என்பது விளங்கும். எனவே கோபத்திலும் வெட்கத்திலும் ஒரு வரி எழுதிக் கொடுப்பதற்கு முன், விதியின் வாசகத்தைக் கையில் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

பறத்தலிலிருந்து நிறுத்தப்பட்டவன் மறுபடி பறக்கும் பிரிவுக்கு வர முடியாது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நிறுத்தப்பட்டவர்களைத் தரைப்பணிப் பிரிவுகளுக்குப் பரிசீலிப்பது உண்டு. இடமும் தகுதியும் இருந்தால் கிடைக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. என்னிடம் பயின்று தேறாமல் போன ஒருவர் பிறகு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாகிவிட்டார். மோசமான வானிலையில் நான் ஒருமுறை இறங்க வேண்டி வந்தபோது, கோபுரத்திலிருந்து ஒலித்த அவருடைய நிதானமான குரல்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. பயிற்சியில் நான் அவருக்குக் கொடுத்த மதிப்பெண் அப்போது நினைவுக்கு வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் கோபுரத்துக்கு ஏறிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உதகைஅம்மா

என் மகள் ஹெலிகாப்டர் விமானி. முதற்கட்டம் முடிந்து போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிக்கும்போது, போர் விமானம் கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். 2016இல் மூன்று பெண்கள் முதன்முதலாகப் போர் விமானிகளானபோது அந்தப் படத்தை வெட்டி அலமாரியில் ஒட்டியவள் அவள். அப்போது விலகுகிறேன் என்றாள். நான் ஒன்றும் அறிவுரை சொல்லவில்லை. எனக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வா என்றேன். அவள் வரவில்லை. வந்திருந்தாலும் எனக்கு ஒரே மகிழ்ச்சிதான்.

2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் இதே பிலாட்டஸ் விமானம் விழுந்து பயிற்றுநரும் கேடட்டும் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் பிள்ளையை அங்கே அனுப்பியிருந்த ஒவ்வொரு தாயும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தாள். கேத்திச்சாரல், உங்கள் அப்பாவிடம் நான் கேட்பதாகச் சொல்லுங்கள்: பதாகைக்காகப் பிள்ளை பறக்க வேண்டாம். பறந்தால் தனக்காகப் பறக்கட்டும்.

கேத்திச்சாரல்

ஞாயிற்றுக்கிழமை தம்பி அழைத்தான். இருக்கவும் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. முன்னாள்கேடட் எழுதிய கேள்வியை அப்படியே கேட்டேன். வாந்தி இல்லை, சோலோவும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள், நாளைக் காலையில் விமானத்தை நோக்கி நடக்க ஆசையா என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அக்கா, மேலெழும்ப ஓடுபாதையில் ஓடும்போது எஞ்சின் வேகம் ஏறஏற மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் ரடர் மிதியை அழுத்தி நேராகப் பிடிக்க வேண்டும். அது எனக்கு நன்றாக வருகிறது. என் பயிற்றுநர் அதை ஒருமுறை பாராட்டினார். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எதுவும் வலிப்பதில்லை." சொல்லிவிட்டு அழுதுவிட்டான். நானும் அழுதேன்.

அப்படியானால் திங்கட்கிழமை காலை பறப்பதற்கு முன் பயிற்றுநரிடம் வாந்தியைப் பற்றிச் சொல், சொன்ன பிறகும் விலகத் தோன்றினால் நான் அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். சரி என்றான்.

ஓடுபாதை

இதைவிடச் சரியாக ஒரு பயிற்றுநராலும் கேட்டிருக்க முடியாது. திங்களன்று என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

கேத்திச்சாரல்

தாமதத்துக்கு மன்னியுங்கள். திங்களன்று அவன் சொல்லிவிட்டான். பயிற்றுநர் கோபிக்கவில்லையாம். எத்தனை பறப்பாக இப்படி என்று கேட்டாராம். முதல் பறப்பிலிருந்தே என்றதும், தன் குறிப்பேட்டைத் திறந்து, தரையிறக்கத்தைப் பற்றித் தான் எழுதியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். இப்போது அவனைப் பறத்தலிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி, மருத்துவ மதிப்பீட்டுக்காகப் பெங்களூருக்கு அனுப்புகிறார்கள். மலைமருத்துவர் எழுதிய அதே நிறுவனம். அங்கிருந்து திரும்பிய பிறகு எஞ்சியிருக்கும் கூடுதல் பறப்புகள் தொடருமாம். அதன் முடிவில் தேறாமல் போனால் போகட்டும், நானாக எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறான். திரும்பிப் போன பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பயிற்றுநர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவதாகவும் சொன்னான்.

உதகைஅம்மா எழுதியதை அப்பாவிடம் நான் படித்துக் காட்டவில்லை. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பி வந்தபோது முக்கில் அந்த இரும்புச் சட்டம் இல்லை. அப்பாவே ஆள் வைத்துக் கழற்றியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் பெங்களூரில் எத்தனை நாள் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை வெளியே வர அனுமதி உண்டா என்று கேட்டார். பந்திப்பூர்க் காட்டுவழி இரவில் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலைப் பேருந்தில் அவருக்கு இடம் பதிவு செய்திருக்கிறேன். வர்க்கியும் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறார். பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாதாமே என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.